டோரத்திக்கு என்ன நோய்? ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரின் ஒரு கதை: நிகழ்வு ஆய்வு

1989 செப்டம்பர் 23, சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரின் ஐந்தாவது சீசன் தொடங்கியது. புது சீசன் என்றால் பொதுவாக ஏதாவது கலகலப்பாக வைத்து ஆரம்பிப்பார்கள். இந்தத் தொடர் அந்த வருஷம் ஒரு நோயாளியை வைத்து ஆரம்பித்தது. ‘சிக் அண்ட் டயர்ட்’ என்று பெயர். இரண்டு பாகம், மீதிக் கதை அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 30 அன்று வந்தது. எழுதியவர் தொடரை உருவாக்கிய சூசன் ஹாரிஸ். இயக்கியவர் டெர்ரி ஹியூஸ்.

கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டோரத்திக்கு மாதக்கணக்கில் உடம்பு முடியவில்லை. போன டாக்டரெல்லாம் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். கடைசியில் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார், நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. பிறகு, தன்னைத் துரத்தியடித்த டாக்டரை அவள் எதிர்பாராமல் ஓர் உணவகத்தில் பார்க்கிறாள்.

நாள்பட்ட சோர்வு நோயைப் பற்றி வந்த எபிசோட் என்றுதான் இதைப் பலரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது டாக்டர்களைப் பற்றிய கதை. தெரியாத ஒன்றைத் தெரியவில்லை என்று சொல்வதற்குப் படித்த மனிதர் ஒருவர் ஏன் அவ்வளவு கூச்சப்படுகிறார், அந்தக் கூச்சத்துக்கு நோயாளி என்ன விலை கொடுக்கிறாள் என்பதைப் பற்றியது.

வீடும் நோயாளியும்

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. மயாமியில் ஒரு வீடு. வீட்டுக்காரி பிளாஞ்ச், ஜார்ஜியாவைச் சேர்ந்த விதவை, அலங்காரமும் ஆண் சகவாசமும் இல்லாமல் இருக்க முடியாதவள். ரோஸ், மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் என்ற கற்பனைச் சிற்றூரிலிருந்து வந்த வெள்ளந்தி. டோரத்தி புரூக்ளினில் வளர்ந்தவள், முப்பத்தெட்டு வருஷ மணவாழ்க்கைக்குப் பிறகு விவாகரத்தானவள், மாற்று ஆசிரியையாக வேலை பார்ப்பவள். நான்காவது ஆள் டோரத்தியின் அம்மா சோஃபியா. இருந்த முதியோர் இல்லம் தீப்பற்றி எரிந்துபோனதால் மகளோடு வந்து ஒட்டிக்கொண்டவள். 1985 முதல் 1992 வரை ஏழு சீசன், 180 எபிசோட். நடித்த நான்கு பேருமே அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியவர்கள். அம்மாவாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகளாக நடித்த பீ ஆர்தரைவிட ஒரு வயது இளையவர் என்பது இன்றைக்கும் நம்பக் கஷ்டமான விஷயம்.

இந்த நால்வரில் யாரை நோயாளி ஆக்குவது என்பதிலேயே சூசன் ஹாரிஸ் பாதி வேலையை முடித்துவிட்டார். பிளாஞ்ச் படுத்திருந்தால், கவனிக்க ஆள் வேண்டும் என்று நடிக்கிறாளோ என்று பார்க்கிறவர்களுக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். ரோஸ் என்றால் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றியிருக்கும். சோஃபியாவுக்கு வயதைக் காரணம் காட்டிவிடலாம். டோரத்திக்கு இது எதுவும் பொருந்தாது. அந்த வீட்டிலேயே நிதானமானவள், படித்தவள், மிகைப்படுத்தத் தெரியாதவள், யாராவது மிகைப்படுத்தினால் ஒரே பார்வையில் அடக்குகிறவள். நூறு எபிசோடுக்கு மேல் அவளோடு பழகிய பார்வையாளர்கள் அவர்கள். அவள் முடியவில்லை என்றால் முடியவில்லைதான்.

அதனால் டாக்டரின் அறையில் ஒரு வேடிக்கையான நிலைமை உண்டாகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவளைக் கால் மணி நேரமாகத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு நான்கு வருஷமாகத் தெரியும். டாக்டர் தப்பு என்று யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதே இல்லை. வருஷக்கணக்காக ஓடிய தொடருக்கு மட்டும் வாய்க்கிற வசதி இது. இரண்டு மணி நேரத் திரைப்படத்தில் இதைச் செய்ய முதலில் அரை மணி நேரம் டோரத்தியை அறிமுகப்படுத்த வேண்டியிருந்திருக்கும்.

இரண்டு டாக்டர்கள்

மயாமியில் பார்க்கும் டாக்டர் ஸ்டீவன்ஸ் கெட்டவர் இல்லை. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார், ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். ரிப்போர்ட் சரி என்றால் ஆளும் சரி என்பது அவர் கணக்கு. எழுந்து நிற்க முடியவில்லை என்று எதிரில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு எப்படி உதைக்கிறது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்தது நியூயார்க். டாக்டர் பட் என்ற பெயர்போன நிபுணரைப் பார்க்க டோரத்தி விமானம் ஏறுகிறாள், துணைக்கு ரோஸ். இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். டாக்டர் பட் கத்துவதில்லை, திட்டுவதில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் அவள் உடம்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் அவளுடைய வயதைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பேசுகிறார். கடைசியில் அவர் தரும் மருத்துவ ஆலோசனையில், நல்ல சிகையலங்காரக்காரரைப் போய்ப் பாருங்கள் என்பதும் ஒன்று. நாடு தாண்டவில்லையே தவிர, அத்தனை தூரம் பறந்து வந்ததற்கு அவளுக்குக் கிடைத்தது முடி அலங்காரம்.

டோரத்தி அங்கே பதிலடி கொடுக்கவில்லை. நான்கு வருஷமாக எல்லாரையும் வாயாலேயே வெட்டிச் சாய்த்தவள், அந்த நாற்காலியில் வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பீ ஆர்தர் நெடிய உருவமும் கனத்த குரலும் உள்ளவர். அவருடைய நகைச்சுவையே மௌனத்தில்தான் இருந்தது: யாராவது அபத்தமாக ஏதாவது சொன்னால் பதில் பேசாமல் ஒரு பார்வை பார்ப்பார், ஸ்டூடியோவே சிரிக்கும். இங்கேயும் பேசாமல்தான் இருக்கிறார். சிரிப்பு வரவில்லை. அதே முகம், அதே மௌனம், ஆனால் பலம் முழுக்க வடிந்துபோயிருக்கிறது. ஒரு நடிகை தன் கைவசம் இருக்கிற மிகப் பெரிய ஆயுதத்தை வேண்டுமென்றே மழுக்கிக் காட்டியதை நான் வேறெந்த சிட்காமிலும், அதாவது வாராந்திர நகைச்சுவைத் தொடரிலும், பார்த்ததில்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று நாம் வருத்தத்தோடு சொல்வோம். கையை விரிப்பதில் குறைந்தபட்சம் நேர்மை உண்டு. இவர் கையை விரிக்கவில்லை, விரல் நீட்டினார். எனக்குத் தெரியவில்லை என்ற இடத்தில், உனக்கு ஒன்றுமில்லை என்று வைத்தார். இந்த ஒரு மாற்றத்தில்தான் டோரத்தியின் மாதங்கள் போயின. உடம்பு வலித்தது ஒரு பக்கம். தனக்கே புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது நோய் வைரஸால் வந்ததில்லை.

அந்தக் காலத்தில் அந்த நோய்

எபிசோட் வந்த நேரத்தை வைத்துப் பார்த்தால்தான் அதன் துணிச்சல் விளங்கும்.

1984, 85 வாக்கில் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள இன்க்ளைன் வில்லேஜ் என்ற சின்ன ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே மாதிரி படுத்தார்கள். ஃப்ளூ மாதிரி வரும், ஆனால் போகாது. உள்ளூர் டாக்டர்கள் பால் செனியும் டேனியல் பீட்டர்சனும் சிடிசிக்கு, அதாவது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொன்னார்கள். 1985இல் அங்கிருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸ்தான் காரணம் என்ற ஊகம் கொஞ்ச நாள் ஓடியது, நிற்கவில்லை. 1988இல் கேரி ஹோம்ஸ் தலைமையில் ஒரு குழு நோய்க்கு இலக்கணம் வகுத்து, க்ரோனிக் ஃபடீக் சிண்ட்ரோம், அதாவது நாள்பட்ட சோர்வு நோய், என்று பெயர் வைத்தது. ஆறு மாதமாவது சோர்வு இருக்கவேண்டும், அன்றாட வேலை பாதிக்குக் கீழே குறைந்திருக்கவேண்டும், வேறு நோய் எதுவும் காரணமாக இருக்கக் கூடாது. இவற்றோடு தொண்டை வலி, நிணநீர்க் கட்டி வீக்கம், தசைவலி போன்ற பட்டியலிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை அறிகுறிகள்.

அதாவது டோரத்தி டாக்டர் வாசல்களில் ஏறி இறங்கிய 1989இல் அந்தப் பெயருக்கு வயது ஒன்றரை வருஷம். பத்திரிகைகள் அதை ‘யப்பி ஃப்ளூ’ என்று கிண்டல் செய்துகொண்டிருந்த காலம். வசதியான இளம் ஆபீஸ் பெண்களுக்கு வரும் சொகுசு வியாதி என்பது அதன் உள்ளர்த்தம். சூசன் ஹாரிஸ் அந்த நோயை வயதான, சம்பளத்தை நம்பி வாழும் ஓர் ஆசிரியைக்குக் கொடுத்தார். கிண்டலின் அடியில் இருந்த பலகையை அப்படியே உருவி எடுத்துவிட்டார்.

கிண்டலுக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள், மர்மமான ஒரு நோயில் விழுந்தார்கள். மருத்துவமனையையே சில மாதம் மூடவேண்டியதாயிற்று. பதினைந்து வருஷம் கழித்து, 1970இல், மெக்கீவெடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதி, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று தீர்ப்பு வழங்கினார்கள். பழைய குறிப்பேடுகளைப் படித்தே முடிவு சொன்னார்கள். படுத்தவர்களில் பெண்கள் மிக அதிகம் என்பது அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. பெண்கள் அதிகமாகப் படுத்தால் அது மனக்கோளாறு. டாக்டர் பட் கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அவர் வாயில் வந்தது அவர் கண்டுபிடித்ததில்லை. அச்சாகி, மேற்கோள் காட்டப்பட்டு, பாடமாகவே ஆகிவிட்டிருந்தது.

எழுதியவரின் உடம்பு

சூசன் ஹாரிஸுக்கும் இதே அனுபவம் இருந்தது. நீண்ட காலம் முடியாமல் கிடந்தவர், டாக்டர்களால் நம்பப்படாதவர். அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளவே எழுதினேன் என்று பிற்காலப் பேட்டியில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவருக்கு இருந்தது கடைசியில் அட்ரினல் சுரப்பிக் கோளாறு என்று தெரியவந்தது. டோரத்திக்குக் கொடுத்த நோய் இல்லை.

இது எபிசோடைப் பலவீனப்படுத்துகிறதா என்று யோசித்துப் பார்த்தேன். பலப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். எந்த நோயோ இருந்துவிட்டுப் போகட்டும்; ஒன்றுமில்லை என்று அனுப்பிய டாக்டர்களுக்கு அந்த நோயும் தெரியவில்லை, இதுவும் தெரியவில்லை. நடந்த அவமதிப்பு ஒன்றுதான்.

அவரும் பீ ஆர்தரும் ஏற்கெனவே ஒரு பெரிய சண்டையைச் சேர்ந்து போட்டவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1972இல் ‘மாட்’ தொடரில் பீ ஆர்தர் நடித்த நாற்பத்தேழு வயதுப் பெண் கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கும் இரண்டு பாகக் கதையை எழுதியது சூசன் ஹாரிஸ்தான். பெண் தன் உடம்பைப் பற்றித் தானே பேசும் காட்சியை யாரிடம் கொடுத்தால் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பதினேழு வருஷம் கழித்து அதே நடிகையிடம் வந்திருக்கிறார்.

பிளாஞ்சின் தூக்கமின்மை

இரண்டு பாகத்திலும் இன்னொரு கதை ஓடுகிறது. பிளாஞ்ச் காதல் நாவல் எழுதக் கிளம்புகிறாள். நாள்கணக்கில் தூங்காமல் எழுதி, கண் இருண்டு, பேச்சு குழறி, எழுதியதெல்லாம் உலக இலக்கியம் என்ற மயக்கத்தில் திரிகிறாள். விழுந்து விழுந்து சிரிக்கலாம். சோகத்துக்கு நடுவே கொஞ்சம் சிரிப்பு வேண்டும் என்று சேர்த்தது என்றுதான் பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு சோர்வுகள். பிளாஞ்சின் சோர்வுக்குக் காரணம் தெரியும், ஒரு நாள் முழுக்கத் தூங்கினால் போய்விடும். டோரத்தியின் சோர்வு எவ்வளவு தூங்கினாலும் போகாது. ‘எனக்கும்தான் அலுப்பாக இருக்கிறது’ என்று ஆரோக்கியமானவர்கள் இந்த நோயாளிகளிடம் சொல்வது வழக்கம். நோயாளிகளுக்கு மிகவும் எரிச்சலூட்டும் வாசகம் அது. அந்த வாசகத்துக்கான பதிலை வசனமாக எழுதாமல், அடுத்த அறையில் ஒருத்தியை உட்காரவைத்துக் காட்டிவிட்டார் ஹாரிஸ்.

பெயர் கிடைக்கிறது

வழி காட்டுவது பக்கத்து வீட்டு ஹாரி வெஸ்டன். ‘எம்ப்டி நெஸ்ட்’ என்ற கிளைத் தொடரின் நாயகன், குழந்தை மருத்துவர். நடித்தவர் ரிச்சர்ட் மல்லிகன். டாக்டர் சாங் என்பவரிடம் டோரத்தி போய்ச் சேர்கிறாள். அவர் கேட்கிறார், சந்தேகப்படாமல் கேட்கிறார். உங்களுக்கு நோய் இருக்கிறது, அதற்கு க்ரோனிக் ஃபடீக் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எதனால் வருகிறது என்று உறுதியாகத் தெரியாது, குணப்படுத்த வழியும் இல்லை என்கிறார்.

இந்த எபிசோடின் அச்சாணி இதுதான் என்பேன். டாக்டர் சாங்குக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. காரணம் தெரியாது, மருந்து தெரியாது. டாக்டர் பட்டுக்குத் தெரியாத அளவுக்கு ஏறக்குறைய இவருக்கும் தெரியாது. ஒரே வித்தியாசம், இவர் அதைச் சொல்கிறார். சொன்ன பிறகும் நோயாளியை நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பிவிடவில்லை.

டோரத்தி சந்தோஷப்படுகிறாள். மருந்தில்லாத நோய் இருக்கிறது என்ற செய்திக்குத் துள்ளிக் குதிக்கிறாள். ஷாம்பெயின் குடிக்க நால்வரும் உணவகத்துக்குக் கிளம்புகிறார்கள். அனுபவமில்லாதவர்களுக்கு இது விபரீதமாகத் தெரியலாம். பல வருஷம் நோய்க்குப் பெயர் தெரியாமல் அலைந்தவர்களைக் கேட்டால் இந்த இடத்தில்தான் அழுதேன் என்பார்கள். பெயர் கிடைப்பதால் வலி குறைவதில்லை. தன்னைத் தானே சந்தேகப்படுவது நிற்கிறது.

உணவகத்தில்

அங்கே இன்னொரு மேசையில் டாக்டர் பட், மனைவியோடு.

டோரத்தி எழுந்து போகிறாள். அவருக்கு அவளை நினைவில்லை. வயதாகிவிட்டது என்று நீங்கள் எனக்குச் சொன்னீர்களே என்று எடுத்துக்கொடுக்கிறாள். அப்போதும் அவர் நினைவில்லை என்கிறார். உங்களுக்கும் வயதாகிவிட்டதோ என்னவோ என்கிறாள் டோரத்தி. பழைய டோரத்தி ஒரு நொடி திரும்பி வருகிறாள்; ஸ்டூடியோவில் சிரிப்பு. அது நையாண்டி என்று அவளே சொல்லி முடித்துவிட்டு, விஷயத்துக்கு வருகிறாள். நோயின் பெயரைச் சொல்கிறாள், வேண்டுமானால் சிடிசியைக் கேட்டுப் பாருங்கள் என்கிறாள். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு நழுவப் பார்க்கிறார். அவள் விடவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன தடுமாற்றம் எழுதப்பட்டிருக்கிறது, அதை எழுதிய கைக்கு நான் வணக்கம் சொல்வேன். சொல்ல நிறைய இருக்கிறது என்று ஆரம்பிப்பவளுக்குத் தொண்டை அடைக்கிறது. உணவகத்தில் வைத்து இதைச் செய்ய என்னால் முடியாது என்று பின்வாங்குகிறாள். நல்லது என்கிறார் டாக்டர், தப்பித்தோம் என்ற நிம்மதியில். அந்த ஒரு சொல்தான் அவளைத் திருப்புகிறது. ஆனாலும் செய்வேன் என்று திரும்பி நிற்கிறாள். அவர் எழப்போகும்போது உட்காருங்கள் என்கிறாள், உங்களுக்காக நான் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்கிறாள்.

பிறகு அந்த நீண்ட பேச்சு. சாராம்சத்தை மட்டும் சொல்கிறேன். நோயோடும் பயத்தோடும் உங்களிடம் வந்தேன், உங்களிடம் விடை இல்லை. மன்னியுங்கள், என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக என்னைப் பைத்தியக்காரியாக உணரவைத்தீர்கள். நான் ஆணாக இருந்திருந்தால் கொஞ்சம் பொருட்படுத்தியிருப்பீர்கள், முடி அலங்காரத்துக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். டாக்டர் குறுக்கிடப் பார்க்கிறார். அவருடைய மனைவியே அவரை வாயை மூடச் சொல்கிறாள். கணவர் வீட்டில் எப்படிக் கேட்பவர் என்பதற்கு அந்த அதட்டல் ஒன்றே சாட்சி. இதற்கு மேல் அந்தப் பாத்திரத்துக்கு வசனமே வேண்டாம்.

பேச்சின் முடிவில் சாபம் வரும் என்று எதிர்பார்ப்போம். ஒருநாள் நீங்களும் மேசைக்கு இந்தப் பக்கம் வருவீர்கள், அப்போது எனக்கு நீங்கள் இருந்ததைவிட நல்ல டாக்டர் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்கிறாள். கோபம் தணிந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை, எப்போதும் கோபமாகவே இருப்பேன் என்றுதான் சொல்கிறாள். மன்னிப்பு இல்லை, ஆனால் தனக்கு நேர்ந்தது எதிரிக்கும் நேரக் கூடாது என்கிறாள். வெறும் பழிவாங்கலாக எழுதப்பட்ட ஒரு காட்சி அந்த வரியில் பழிவாங்கலைத் தாண்டிப் போய்விடுகிறது.

கதை தொடாமல் விட்டவை

பணம். மாற்று ஆசிரியை ஒருத்தி எத்தனையோ டெஸ்ட் எடுத்து, நியூயார்க் பறந்து, ஓட்டலில் தங்கி, நிபுணருக்குப் பணம் கட்டுகிறாள். எல்லாருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு இல்லாத நாடு அது. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கதை தொடவில்லை. நல்ல டாக்டர் கிடைத்ததும் பக்கத்து வீட்டில் ஒரு டாக்டர் இருந்த அதிர்ஷ்டத்தால். அந்த அதிர்ஷ்டம் இல்லாத டோரத்திகள் என்ன ஆனார்கள்?

பயணத்தையும் சொல்லவேண்டும். உடலையோ மூளையையோ கொஞ்சம் வருத்தினாலும் அதற்குப் பின் நாள்கணக்கில் நோய் முற்றுவதுதான் இந்த நோயின் அடையாளம் என்பது இன்றைய புரிதல். 1988 இலக்கணத்தில் அது சில்லறை அறிகுறிகளில் ஒன்றாக இருந்தது. 2015இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை அதை மையத்துக்குக் கொண்டுவந்தது. இன்று தெரிந்து பார்க்கிறவர்களுக்கு டோரத்தி நியூயார்க் கிளம்பும்போதே மனசு பதறும். எழுதப்பட்ட காலத்தை வைத்து இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அதே 2015 அறிக்கை அமெரிக்காவில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயோடு வாழ்வதாகவும், அவர்களில் 84 முதல் 91 சதவீதம் பேருக்கு நோய் இன்னதென்று கண்டறியப்படவே இல்லை என்றும் மதிப்பிட்டது. டோரத்தி ஷாம்பெயின் குடித்து இருபத்தாறு வருஷம் கழித்து. இடையில், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று அவள் நம்பிக்கையோடு கைகாட்டிய சிடிசியே, இந்த நோய்க்கென்று ஒதுக்கிய பணத்தில் 88 லட்சம் டாலரை வேறு காரியங்களுக்குச் செலவிட்டது 1999இல் அரசுத் தணிக்கையில் வெளிவந்தது. 2011இல் பிரிட்டனில் 641 பேரை வைத்து நடந்த பேஸ் ஆய்வு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் குணம் தெரியும் என்றது. முடிவுகளைக் கணக்கிட்ட முறை பற்றி நோயாளிகளும் ஆய்வாளர்களும் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2021 அக்டோபரில், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சிமுறையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று வழிகாட்டுதலை மாற்றியது. வெளியே போ, உற்சாகமாக இரு என்ற டாக்டர் பட்டின் ஆலோசனை வெவ்வேறு சட்டைகளில் அவ்வளவு காலம் உலவியது. உறுதிப்படுத்த ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. கோவிட்டுக்குப் பிறகு எழாமல் கிடப்பவர்களில் பலர் இதே அறிகுறிகளைச் சொல்கிறார்கள், பலர் இதே பதிலைக் கேட்கிறார்கள்.

எபிசோடின் மீது எனக்கு உண்மையான மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. குணமாகாத நோய் என்று டாக்டர் சாங் சொன்னதை அடுத்து வந்த கதைகள் ஏறக்குறைய மறந்தே போயின. டோரத்தி மறுபடியும் ஓடியாடுகிறாள், பாடம் நடத்துகிறாள், ஆண்களோடு பழகுகிறாள், சண்டை போடுகிறாள். 1992 மே 9 அன்று வந்த கடைசிக் கதையில் பிளாஞ்சின் சித்தப்பா லூகாஸைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். சிட்காமுக்கு வாராவாரம் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கவேண்டிய கட்டாயம் உண்டு என்பது எனக்குத் தெரியும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நான்கு பேரும் நள்ளிரவில் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீஸ்கேக் சாப்பிடும் காட்சி அந்தத் தொடரில் எத்தனையோ முறை வருகிறது. அதில் ஏதாவது ஒன்றில், இன்றைக்கு என்னால் எழுந்திருக்க முடியவில்லை, நீங்கள் பேசிக்கொண்டிருங்கள் என்று டோரத்தி தன் அறையிலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ரோஸ் ஒரு தட்டை அவள் அறைக்கு எடுத்துப் போயிருக்கலாம். அந்த வீட்டில் யாரும் அவளைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.